பள்ளிக்கூடம் பூட்டியிருந்த கிழமைகள்

ஜெர்மனியில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துப் படிப்பிப்பது சட்டப்படி குற்றம். கோடை விடுமுறையில் மட்டும் அது குற்றமில்லை. அப்போது எல்லாருடைய பிள்ளைகளும் வீட்டில்தான் இருப்பார்கள். அதனால் அந்த வருடம் விடுமுறை தொடங்கிய காலை எங்களுக்கு ஒரு பெருநாள் போல இருந்தது. நான் எழும்பி, வீதிப்பக்க யன்னலின் சுருள் கதவை முழுதாக மேலே இழுத்துவிட்டேன். பள்ளிக்கூட நாட்களில் அது மத்தியானம் வரை பாதிக்கு இறங்கியே கிடக்கும். மகள் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "அப்பா, இவ்வளவு தூசிக்குள்ளயோ நாங்கள் படிச்சனாங்கள்?" என்று கேட்டாள்.

அவளுக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டில் வாய் ஓயாது. பல் விளக்கும்போதும் நுரையோடு கதைப்பாள். ஆனால் பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் ஒரு சொல் வராது. ரீச்சருக்கும் இல்லை, பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கும் இல்லை. இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு, மெதுவாகப் படிக்கிற பிள்ளைகளுக்கென்று பட்டணத்தில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு அவளை மாற்ற வேண்டும் என்றார்கள். காலையில் ஒரு சின்ன பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அங்கே போன பிள்ளை திரும்பி வந்ததாக எங்கள் சனத்தில் ஒருவரும் சொல்லி நான் கேள்விப்படவில்லை. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த நேரம் பார்த்து அவளுக்குக் காலையில் வயிற்றைப் பிரட்டிச் சத்தியும் எடுக்கத் தொடங்கியது. ஈஸ்டருக்குப் பிறகு வீட்டிலேயே வைத்துக்கொண்டோம்.

டொக்டர் நல்ல மனிதர். பிள்ளைக்கு வருத்தம், பள்ளிக்கூடம் வர ஏலாது என்று துண்டு எழுதித் தந்துகொண்டிருந்தார். விடுமுறைக்கு முன் கடைசித் துண்டைத் தரும்போது இனித் தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டார். சிறுவர் நலப் பகுதியிலிருந்து வீட்டுக்கு வந்த பெண்ணும் அதையேதான் சொன்னார். பள்ளிக்கூடம் திறக்கும் நாளில் பிள்ளை ஏதாவதொரு பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோர்ட். கோர்ட் என்றால், பிள்ளை எங்களிடம் இருப்பாளா இல்லையா என்பதும் அதற்குள் வரும். சாதாரணப் பள்ளிக்கூடத்திலேயே விடுவதற்கு ஒரு வழிதான் இருந்தது. அவள் ஒரு ரீச்சருக்கு முன்னால் வாய் திறக்க வேண்டும்.

நாங்கள் இருந்தது டச்சு எல்லைக்குப் பக்கத்தில், கண்ணாடிக் கூரை போட்ட தோட்டங்களும் சோள வயல்களுமான ஒரு கிராமம். அகதிகளாக வந்தபோது எங்களை அங்கேதான் போட்டார்கள். நாட்டில் இருக்கலாம் என்ற பேப்பர் கிடைத்ததும் மற்றக் குடும்பங்கள் கொலோனுக்கும் டுசல்டோர்ஃபுக்கும் போய்விட்டன. எனக்குப் பூக்கன்றுத் தோட்டத்தில் வேலை இருந்ததால் நாங்கள் நின்றுவிட்டோம். மனைவி அப்போது முதியோரைப் பராமரிக்கும் தொழிற்படிப்பில் இருந்தாள். விடியப் போனால் பின்னேரம்தான் வருவாள். எனக்குப் பின்னேர வேலை. ஆகவே காலையில் வாத்தியார் நான்தான்.

நான் மன்னாரில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சண்டையில் இடம்பெயர்ந்து போன இடத்தில் பள்ளிக்கூடத்துக்குள்தான் நாங்கள் குடியிருந்தோம், ஆனால் அங்கே ஒருவரும் படிக்கவில்லை. பிறகு வள்ளத்தில் ஏறிவிட்டேன். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு குசினி மேசையில் அவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். பிரித்தலுக்கு நான் எங்கள் முறையில் கோடு கீறினால், "இங்க ரெண்டு புள்ளி வைச்சுத்தான் எழுதுறது அப்பா" என்று திருத்துவாள். பாதி நாள் அவள்தான் எனக்குப் படிப்பித்தாள்.

பயப்படுவது என் பிறவிக் குணம். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். அந்த மாதங்களில் பயம் முற்றிவிட்டது. வீதியில் கார் ஒன்று மெதுவாகப் போனால் போதும், பென்சிலைக் கீழே வைத்துவிடுவோம். மே மாதத்தில் ஒருநாள் பத்து மணியளவில் மணி அடித்தது. கதவுத் துவாரத்தால் பார்த்தேன். தலையிலிருந்து கால்வரை கறுப்பு உடுப்பு, பளபளக்கும் பொத்தான்கள். ஏதோ பெரிய அதிகாரி என்று நினைத்துக் கதவைத் திறந்த உடனேயே, "பிள்ளை காய்ச்சல்! பெரிய காய்ச்சல்!" என்றேன். அந்த மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் புகைபோக்கி துடைக்க வந்தவர், இங்கே அவர்களுக்கு அதுதான் உடுப்பு. நிலவறைக்குப் போய்ச் சூடாக்கியின் புகையை அளந்து பார்த்துவிட்டு, போகும்போது பிள்ளைக்குச் சுகம் வர வாழ்த்தும் சொல்லிவிட்டுப் போனார். மகள் மேசைக்குக் கீழே கிடந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மனைவி வந்து கதையைக் கேட்டுவிட்டு, "உங்கட பயத்துக்கு ஆராவது சம்பளம் தந்தால் நாங்கள் வீடு வாங்கியிருப்பம்" என்றாள்.

விடுமுறை வந்ததும் நான் பாடத்தைக் கூட்டத்தான் நினைத்தேன். மனைவி விடவில்லை.

"இஞ்சருங்கோ, ஊரில உள்ள பிள்ளையள் எல்லாம் வெளியில நிக்குதுகள். இவளை மட்டும் பூட்டி வைக்கப் போறியளோ?"

"வெளியில குளவி எல்லே."

"குளவி குத்தினா வெங்காயம் பூசுவம். விடுங்கோ."

அடுத்த வளவில் ஒரு விவசாயி இருந்தார். அவருக்கும் இவள் வயதில் ஒரு மகள். முன்பல்லில் பாதி உடைந்த, வெயிலில் மூக்குத் தோல் உரிந்த பிள்ளை. அது தினமும் சைக்கிளில் வந்து வாசலில் நிற்கும். எங்கள் மகள் என் முதுகுக்குப் பின்னால் நிற்பாள். பிறகு இருவரும் போய்விடுவார்கள். அந்தப் பிள்ளை இரண்டு பேருக்கும் சேர்த்துத் தானே கதைக்கும். கேள்வியும் கேட்கும், பதிலையும் தானே சொல்லும். முயலுக்குப் புல்லுப் பிடுங்குவார்கள். வாய்க்காலில் கால் வைப்பார்கள். நான் வாய்க்காலின் ஆழத்தை முதல்நாளே தடியால் அளந்து பார்த்துவிட்டு வந்திருந்தேன். முழங்காலுக்குக் கீழேதான். அப்படியிருந்தும் யன்னலடியை விட்டு நகரமாட்டேன்.

யூலைக் கடைசியில் அவர்களுடைய சிவப்புப் பழங்கள் பழுத்தன. பாசிமணி போலக் குலைகுலையாகத் தொங்கும் புளிப்புப் பழம். ஆய்வதற்கு ஆள் போதாது என்று விவசாயி கேட்க, வேலைக்குப் போக முன் நானும் போய் ஆய்ந்து கொடுத்தேன். ஒரு காலை, செடி வரிசைக்கு அந்தப் பக்கத்தில் ஒரு பிள்ளையின் குரல் கேட்டது. நல்ல ஜெர்மன், அந்தக் கிராமத்து இழுவையோடு. உறவுக்காரப் பிள்ளை ஏதும் வந்திருக்கிறதாக்கும் என்று நினைத்தேன். பிறகு அந்தக் குரல் திடீரென்று தடித்து, என்னுடைய உடைந்த ஜெர்மனில், "பிள்ளை காய்ச்சல்! பெரிய காய்ச்சல்!" என்றது. உடைந்த பல்லுக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். "திரும்பச் சொல்லு, திரும்பச் சொல்லு" என்றாள். என் மகள் திரும்பச் சொன்னாள். கதவைத் திறந்ததும் என் முகம் போன போக்கையும், அந்தக் கறுப்பு உடுப்புக்காரர் நின்ற நிலையையும், தான் மேசைக்கடியில் கிடந்ததையும் ஒன்றும் விடாமல் சொன்னாள்.

நான் வாளியோடு அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன். எழும்பினால் அந்தக் குரல் நின்றுவிடும் என்று பயம். எறும்பு காலில் ஏறியது, தட்டவில்லை. அவர்கள் வேறு வரிசைக்குப் போன பிறகுதான் எழும்பினேன். ஓடிப்போய் மனைவிக்குப் போன் அடித்தேன்.

"என்ன? ஆருக்கு என்ன நடந்தது?" என்று எடுத்ததுமே பதறினாள். ஏதும் நடந்தால் தவிர நான் அவளுக்குப் பகலில் அடிப்பதில்லை.

"கதைக்கிறாள்."

"ஆர்?"

"பிள்ளை. வெளியில. ஜெர்மனில."

"என்ன கதைக்கிறாள்?"

"என்னை நக்கலடிக்கிறாள்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்ப உண்மையாத்தான் கதைக்கிறாள்" என்றாள்.

அன்றிலிருந்து எனக்குப் புதுப் பதற்றம். இதை யாராவது கேட்க வேண்டும். கேட்க வேண்டியவர்கள் கேட்க வேண்டும். மறுநாளே பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளை மிதித்தேன். வாசல் பூட்டியிருந்தது. பராமரிப்பாளர் மட்டும் புல்லு வெட்டிக்கொண்டு நின்றார். மெசினை நிறுத்தாமலே, விடுமுறை முடிய வா என்று கையால் காட்டினார். சிறுவர் நலப் பகுதிக்கு விவசாயியே எனக்காகப் போன் பண்ணினார். "அந்தப் பிள்ளை எங்கள் வளவில் வாய் ஓயாமல் கதைக்கிறது, ஆரையாவது அனுப்புங்கள்" என்று அவர் கத்தியது எங்கள் குசினி வரை கேட்டது. பொறுப்பான பெண் ஊர்லாப்பில் போய்விட்டாராம். நாடு முழுவதும் லீவில் கடற்கரைக்குப் போயிருந்தது. கடைசியில், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்திய கிழமையில், ரீச்சர்கள் திரும்பி வரும்போது வந்து சந்திக்க ஒரு டெர்மின் தருகிறோம் என்றார்கள்.

அந்த நாட்களில் நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் வாய் அடைத்துவிடுமோ என்று யோசித்தேன். சொல்லாமல் கூட்டிக்கொண்டு போனால் திடுக்கிட்டுவிடுவாளோ என்றும் யோசித்தேன். வேலையில் பூக்கன்றுச் சாடிகளை மாற்றி அடுக்கி ஏச்சு வாங்கினேன்.

டெர்மின் நாளில் உடைந்த பல்லுக்காரியையும் கூட்டிக்கொண்டு போனோம். வகுப்பறையில் கதிரைகள் மேசைகளுக்கு மேலே கவிழ்ந்து கிடந்தன. ரீச்சர் வெயிலில் கறுத்து, சிரித்த முகத்தோடு வந்தார். இனிப்புத் தட்டை நகர்த்தி வைத்து, முயலின் பெயர் என்ன என்று கேட்டார். மகள் மேசையைப் பார்த்தாள். ரீச்சர் நன்றாகக் காத்திருந்தார், அவசரப்படுத்தவில்லை. மகளின் காது மட்டும் சிவந்துகொண்டு வந்தது.

உடைந்த பல்லுக்காரிக்குப் பொறுக்கவில்லை. "அவளுக்குத் தெரியும்! அவள் வாயே மூடமாட்டாள்! புகைபோக்கிக்காரர் கதையைச் சொல்லடி!" என்று கத்தினாள்.

ஒன்றுமில்லை.

ரீச்சர் என்னைப் பார்த்து, "நான் உங்களை நம்புகிறேன். ஆனால் நான் கேட்டதைத்தானே எழுத முடியும்" என்றார். அவரில் எனக்கு இன்றுவரை கோபமில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகள் சப்பாத்தைக் கழற்றாமல் குசினி நிலத்தில் இருந்தாள். "நான் சொல்லப் பாத்தனான் அப்பா. முயலின்ர பேர் தொண்டைக்குள்ள வந்தது. வெளியில வரேல்லை" என்றாள்.

"பரவாயில்லை குஞ்சு" என்றேன். பக்கத்தில் குந்தி அவளுடைய சப்பாத்தைக் கழற்றிவிட்டேன்.

இனிப் பட்டணத்துச் சின்ன பஸ், அல்லது லண்டன். லண்டனில் என் அக்கா இருந்தாள். கோடை முழுவதும் போனில் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். "இங்க அனுப்படா தம்பி. வீட்டில வைச்சுப் படிப்பிச்சாலும் இங்க ஒருத்தரும் வந்து கதவு தட்டமாட்டினம். பள்ளிக்கூடத்தில விட்டாலும் அவளைப் போல எத்தினை பிள்ளையள்." ஜெர்மன் பாஸ்போட் எங்களுக்குக் கிடைத்திருந்தது, அப்போது அதை வைத்துக்கொண்டு லண்டனுக்குப் போய் இருக்க ஒரு தடையுமில்லை. ஆனால் அக்கா வீட்டில் ஒருவருக்குத்தான் இடம். மனைவிக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம்.

மனைவி பட்டணத்துப் பள்ளிக்கூடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "நல்ல சனம்தான். பிள்ளையள் பாட்டுப் பாடுதுகள், கேக் அடிக்குதுகள். ஆனா இவளின்ர வயசுப் பிள்ளை எங்கட ரெண்டாம் வகுப்புக் கணக்குத்தான் செய்யுது" என்றாள். பிறகு நீண்ட நேரம் பாத்திரம் கழுவினாள். "ஒரு வருசம்தானே. பிறகு நாங்களும் போவம்."

"அப்ப அனுப்பச் சொல்லுறீர்."

"நான் சொல்லேல்லை. வேற வழி இருந்தா நீங்கள் சொல்லுங்கோ."

கோர்ட் என்ற சொல்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எழும்பிப் போய் அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

அக்கா வந்து டுசல்டோர்ஃப் விமான நிலையத்திலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்க கட்டாயம் கதைக்க வேணுமோ அப்பா?" என்று கேட்டாள். "கதைக்காட்டியும் மாமி சோறு தருவன்" என்று அக்கா முந்திக்கொண்டு சொன்னாள். மகள் சிரித்தாள். நான் அக்காவிடம், யன்னல் பக்கம் இருத்த வேண்டாம், காதுக்குள் பஞ்சு வை, இறங்கும்போது கையை விடாதே என்று சொல்லிக்கொண்டேயிருந்தேன். சொல்லி முடிக்க முன்னம் அவர்கள் உள்ளே போய்விட்டார்கள்.

டிசம்பரில், நத்தாருக்கு முன் அக்கா போன் எடுத்தாள். "தம்பி, இண்டைக்கு வகுப்பில கை உயர்த்தினவளாம். எழும்பி நிண்டு விடை சொன்னவளாம்." மனைவி அப்படியே மாடிப்படியில் குந்தி அழுதாள். நானும்தான். நாங்கள் இத்தனை வருடம் கேட்டுக் கும்பிட்டது அதைத்தான். அது நடந்துவிட்டது, நாங்கள் இல்லாத ஒரு வகுப்பறையில், எங்களுக்கு விளங்காத ஒரு மொழியில்.

சொன்னபடி ஒரு வருடத்தில் நாங்கள் லண்டனுக்குப் போகவில்லை. மனைவிக்குப் படித்த இடத்திலேயே வேலை கிடைத்தது, பிறகு என் முதுகு பழுதாகிச் சத்திரசிகிச்சை செய்தார்கள், இப்படியே தள்ளிப்போனது. அதற்குள் மகளுக்கு அங்கே சிநேகிதப் பிள்ளைகள், வேறு பழக்கங்கள், வேறு சிரிப்பு. கூப்பிட்டும் வரவில்லை என்று இல்லை. கூப்பிட்டோம். வந்து சில கிழமை நின்றுவிட்டு, பள்ளிக்கூடம் திறக்குது என்று திரும்பிப் போனாள்.

ஒவ்வொரு ஞாயிறும் போனில் கதைப்போம். பள்ளிக்கூடத்தில் நன்றாகக் கதைக்கிறாளாம், பேச்சுப் போட்டி மேடையில்கூட ஏறினாளாம், அக்காதான் சொல்வாள். என்னோடு வரவரச் சொற்கள் குறைந்துவிட்டன. சாப்பிட்டியோ என்றால் "ஓம்". குளிரோ என்றால் "ஓம்". அம்மாவோட கதைக்கிறியோ என்றால் "பிறகு". அதற்கு மேல் ஒன்றும் வராது. ஆனால் போனை வைக்கவும் மாட்டாள். அங்கால் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். வைத்துவிட்டாளோ என்று எனக்குப் பயம் வரும். உடனே நான் கதைக்கத் தொடங்குவேன். தோட்டத்தில் எந்தப் பூ விற்றது, ஆர் வேலையை விட்டுப் போனது, அடுத்த வளவில் எத்தனை முயல் குட்டி என்று வாய்க்கு வந்தது எல்லாம். இடையில் நிற்பாட்டிக் கேட்பேன்.

"இருக்கிறியோ பிள்ளை?"

"ஓம் அப்பா. சொல்லுங்கோ."

சொல்லிக்கொண்டிருப்பேன்.