மூன்றாவது வரிசை சீட்

காரை விற்பது என்று முடிவானதும் பெரியம்மா முதலில் செய்த காரியம், அதன் கூரையில் காய்ந்துகொண்டிருந்த வடகத்தை எடுத்ததுதான். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் அவ்வளவு நீளமான கூரை வேறெந்த வண்டிக்கும் இல்லை. அது ஒரு பழைய அமெரிக்க ஸ்டேஷன் வேகன். சுரங்கத்தில் அதிகாரியாக இருந்து ஊரைவிட்டுப் போன ஒருவரிடம் பெரியப்பா வாங்கியது. முன்பக்கத்தில் கம்பெனி பெயரின் எழுத்துகள் பாதி உதிர்ந்திருந்தன. நாங்கள் அதைக் கப்பல் என்றோம்.

கல்யாணத்துக்குப் பெண் மாப்பிள்ளையை ஏற்றிப் போகும். சாவுக்குப் பெட்டியை ஏற்றிப் போகும். பின்கதவை இறக்கிவிட்டால் பெட்டி தட்டாமல் உள்ளே போகும் என்பதால் ஆண்டர்சன்பேட்டை வரைக்கும் அதற்குப் பெயர் இருந்தது. இரண்டு சவாரிக்கும் மாலை கட்டியவர் ஒரே பூக்கடைக்காரர்தான்.

விற்கக் காரணம், பெரியப்பாவின் மகளான அக்கா. அவளுக்கு பெங்களூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. பணம் கட்டாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். சுரங்கம் மூடிய பிறகு பெரியப்பாவுக்கு வேலையில்லை. வீட்டில் விலைபோகக்கூடிய பொருள் வேகன் ஒன்றுதான்.

பழைய கார்கள் வாங்கும் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விட்ட நேரத்தில் பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்தார். பெரியம்மா சர்ச்சுக்குக் கட்டிப்போன பட்டுப்புடவையை மாற்றாமலே வாசலில் நின்றாள், பக்கத்தில் நான். வந்தவர் வண்டியை ஒரு சுற்று சுற்றினார். பிறகு சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒரு காந்தத்தை எடுத்தார்.

"இன்னா சார் பண்றீங்க?" என்றாள் பெரியம்மா.

"தகரம் இருந்தா புடிக்கும்மா. துருப்புடிச்ச ஓட்டைய பட்டி வெச்சு மூடியிருந்தா கீழ விழுந்துடும்."

பெரியப்பா சுரங்கத்துக்குள் கூரைக்கு மரம் முட்டுக்கொடுக்கும் வேலை செய்தவர். அங்கே ஷிப்ட் தொடங்கும்போது தலைக்கு மேலே இருக்கும் பாறையைக் கம்பியால் தட்டிக் கேட்பார்கள். கணீரென்றால் உள்ளே போகலாம். உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் பொக்காகக் கேட்டால் முதலில் மற்றவர்களுக்குச் சொல்லவேண்டும். தெரிந்தும் சொல்லாமல் இருப்பது ஆளைக் கொல்வதற்குச் சமம். அந்தப் பழக்கத்தை அவர் கேஜ் என்ற சுரங்க லிப்டில் ஏறி மேலே வந்தபோது கீழேயே விட்டுவிட்டு வரவில்லை. காந்தத்துக்கு முன்னால் அவருடைய விரல் முட்டி தகரத்தைத் தட்டிக்கொண்டே போனது.

"இங்க வைங்க சார். இது பொக்கு."

காந்தம் விழுந்தது.

"சக்கரத்துக்கு மேலயும் பொக்குதான்."

மறுபடியும் விழுந்தது.

"ஏங்க, வாய மூடினு இருக்க மாட்டீங்களா? நீங்க விக்கறவரா, வாங்கறவரா?"

"அவரு கண்டுபுடிக்கத்தான் போறாரு. நாமளே சொல்லிட்டா இன்னாமே?"

பெரியம்மா அவரை ஒதுக்கிவிட்டுத் தானே வியாபாரத்தை நடத்த ஆரம்பித்தாள். பானெட்டைத் திறக்கச் சொன்னாள். லாரி மாதிரி டீசல் இஞ்சின், கொஞ்சமாகக் குடித்து நிறைய ஓடும் என்றாள். வந்தவரின் முகம் வாடிவிட்டது. அமெரிக்காவில் வைத்த பெட்ரோல் இஞ்சின் எங்கே என்று கேட்டார். அது எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டிருந்தது. பின் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டார் வேலை செய்கிறதா என்று பார்த்தார். செய்தது. வண்டியின் பக்கவாட்டில் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அடித்த வீட்டுக் கதவு பெயின்ட்டை நகத்தால் சுரண்டினார். அடியில் மரம்போல் கோடு போட்ட பழைய ஷீட் தெரிந்தது. அன்று முதல் தடவையாக அவர் சிரித்தார்.

"இத பிச்சுப் போடாம வுட்டீங்களே!"

அந்த அசிங்கத்தைப் பிய்த்துப் போடும்படி வருஷக்கணக்காகச் சொல்லிவந்தவள் பெரியம்மாதான். "பத்திரமா வெச்சிருந்தோம் சார்" என்றாள்.

கடைசியில் அவர் ஒரு விலை சொன்னார். அது நர்சிங் படிப்புக்குக் கட்டப் போதாது. ஜன்னலில் நின்ற அக்கா அங்கிருந்து நகர்ந்து போனாள். பெரியம்மா இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஏற்றிப் பார்த்தாள். வந்தவர் பின்கதவுக்குள் மண்டியிட்டு வண்டியின் உள்தரையைத் தடவினார்.

"இங்க கொக்கி இருக்கு பாருங்க. பின்பக்கம் பாத்து உக்கார்ற மூணாவது சீட்டோட வந்த வண்டி இது. எல்லா வண்டிக்கும் அது வராது. அந்த சீட் இருந்தா நீங்க கேக்கறதையே குடுத்துடறேன்."

சீட் முன்னறையில் இருந்தது. பெட்டி ஏற்றுவதற்காக அதைக் கழற்றிய பெரியப்பா, சுரங்கத்து மரத்தில் சாய்வாக ஒரு சட்டம் செய்து, அதில் அதைப் போல்ட் போட்டுப் பொருத்தியிருந்தார். அவர் தூங்குவதும் அதில்தான், ரயிலில் போகிறவர்போல உட்கார்ந்தபடி. நைட் ஷிப்ட் பார்த்தவர்கள் அப்படித்தான் தூங்குவார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

"அந்த சீட்டா?" என்றாள் பெரியம்மா. "அது எப்பவோ போச்சு சார். எலி கடிச்சு குப்பைல போட்டோம்."

நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். காலையிலிருந்து ஒவ்வொரு ஆணிக்கும் விலை கேட்டவள், கேட்ட விலையே கையில் வரும்போது இல்லை என்கிறாள். நான் வாயைத் திறந்தேன். அவளுடைய கை என் தோளை அழுத்திப் பிடித்தது.

"இருக்குது சார்" என்றார் பெரியப்பா. "உள்ள வாங்க, காட்டறேன்."

"வேணாங்க." அது அவளுடைய வியாபாரக் குரல் இல்லை.

அக்கா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "வேணாம்பா. நா அடுத்த வருசம் போறேன்."

"அடுத்த வருசத்துக்குள்ள வண்டி இன்னும் பொக்காயிடும். ஸ்பேனர எடுத்தா."

போல்ட்டுகளை அவரே கழற்றினார். நடுநடுவே நிறுத்தி இருமினார். வந்தவரின் டிரைவர் உதவிக்கு வந்தபோது வேண்டாம் என்று கையைக் காட்டினார். சீட் அதன் பழைய கொக்கிகளில் சரியாகப் போய் உட்கார்ந்தது. வண்டி கிளம்பி லைனைத் தாண்டும்வரை தெருவே வெளியில் நின்று பார்த்தது. பெரியம்மா மட்டும் வரவில்லை.

அக்கா பெங்களூருக்குப் போனாள். இப்போது அவள் ஒரு பெரிய மருத்துவமனையில் தலைமை நர்ஸ்.

பெரியம்மா தன் முன்னறைச் சோபாவைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னாள் என்று அன்றே நான் முடிவு செய்து, வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொன்னேன். அம்மா அரிசியைக் களைந்துகொண்டே இருந்தாள். கல்தூசி அடைத்த நெஞ்சோடு மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சீட்டும், பிறகு பயனில்லாமல் பிரித்துப் போட்ட சட்டமும் போன முன்னறையில் ஐந்தாங்கல் ஆடத் தாராளமாக இடம் கிடைத்தது. தினமும் பள்ளிவிட்டதும் தோழிகளோடு அங்கே போய்விடுவேன். சுவரில் சாய்ந்து, மடியில் இரண்டு தலையணைகளை அணைத்தபடி உட்கார்ந்திருக்கும் பெரியப்பாதான் எங்களுக்கு நடுவர். ஆட்டம் பாதியில் இருக்கும்போதே அவர் தலை தலையணையில் கவிழ்ந்துவிடும். பெரியப்பா பகலிலேயே தூங்க ஆரம்பித்துவிட்டார் என்று சிரித்துக்கொண்டே, அவருக்குத் தெரியாமல் கல்லை மாற்றி வைப்போம்.