எண் விழாத பதினோரு வீடுகள்

ராசாத்தாளுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. வெள்ளகோவில் பக்கம் பிறந்து, மில் தொழிலாளி ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டுச் சிங்காநல்லூருக்கு வந்தவர். மில் மூடிய இரண்டாம் வருடம் கணவர் இறந்தார். அதன்பின் சித்தாள் வேலை. குளத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலின் கரையில் ஓர் ஓட்டு வீடு. ஐப்பசியில் மழை பிடித்தால் அடுப்புக்குள் தண்ணீர் நிற்கும்.

1998இல் வாய்க்காலை அகலப்படுத்த முடிவானது. கரையில் குடியிருப்பவர்களுக்கு வேறு இடத்தில் பட்டாவோடு மனை தருவார்கள். யார் யார் குடியிருக்கிறார்கள் என்பதை அந்த மக்களை வைத்தே கணினி வரைபடமாக்கும் வேலை, நான் இருந்த தொண்டு நிறுவனத்துக்கு வந்தது. ஆறு வருடம் வெளிநாடுகளில் அலைந்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தேன். இதே வேலையை வேறு தேசத்துக் கிராமங்களில் பார்த்திருந்ததால், இங்கே செய்துகாட்ட எனக்கு அவசரம்.

முதலில் எங்களை நம்பியவர் ராசாத்தாள்தான்.

"கட்சிக்காரன் எழுதுனா அவன் மச்சான் கோழிக்கூண்டுக்கும் மனை கெடைக்கும். நாங்களே காட்டிப்போட்டா அப்பறம் எவனும் திருத்த முடியாதில்லீங்க?"

"முடியாதுங்க்கா" என்றேன். அது உண்மைதான்.

வேலை முடிந்து வந்து, சிமெண்ட் கையைக்கூடக் கழுவாமல் வாசல் வாசலாகப் போய் ஆட்களைக் கூப்பிட்டார். கல்லூரி மாணவர்கள் டேப் பிடித்து அளந்து, பெரிய தாளில் நூற்றுநாற்பது கட்டங்கள் வரைந்தார்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு கூரை. அவற்றில் மாட்டுக்கொட்டகையும் உண்டு, பூட்டிக்கிடந்த கட்டடமும் உண்டு. எதில் ஆள் குடியிருக்கிறது என்று மக்கள்தான் அடையாளம் வைக்கவேண்டும். அதற்குக் கேட்டிருந்த வண்ணச் சீட்டுகள் சென்னையிலிருந்து வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்று சொல்லியாகிவிட்டது. நான் பேன்சி ஸ்டோரில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு அட்டைகள் வாங்கிப் போனேன். நல்ல யோசனை என்று எனக்கே என்னைப் பிடித்துப்போயிற்று.

மாரியம்மன் கோயில் முன்னால் தாளை விரித்தோம். பக்கத்து வீட்டுப் பாவாத்தாள்தான் முதலில் ஒட்டினார்.

"ஏனுங் அம்மணி, என்ற ஊட்டுக்கு இத்தினியூண்டு பொட்டா? என்ற மாமியா மூஞ்சிக்கே இது பத்தாதுங்க."

கூட்டம் சிரித்தது. ஒட்டியவரின் பெயரைப் பொட்டுக்குப் பக்கத்திலேயே எழுதிக்கொண்டோம். ராசாத்தாள் தாளைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ஏப்புள்ள, அது உன்ற ஊடில்ல, கருப்புசாமி எருமை கட்டற எடம். எருமைக்கு மனை வாங்கப் போறியா?"

நான் அட்டையை நீட்டினேன். "உங்க வீடுங்க்கா?"

"இருக்கட்டும் அம்மணி. அவிய எல்லாம் வெக்கட்டும்." கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். பாவாத்தாள் விரல் நுனியில் ஒரு பொட்டை எடுத்தார். ராசாத்தாளின் வெறும் நெற்றியை ஒருமுறை பார்த்தார். பொட்டைத் திரும்ப அட்டையிலேயே ஒட்டிவிட்டார். இதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு உறைக்கவில்லை. கூட்டத்தின் பின்வரிசையில் இன்னும் பத்துப் பெண்கள் அதேபோல் கைகட்டி நின்றிருந்தார்கள்.

மறுநாள் கணினியில் ஏற்றினேன். பொட்டு உள்ள கட்டத்துக்கு எண். இல்லாததற்கு 'குடியிருப்பு அல்ல'. ராசாத்தாளின் வீட்டை மாட்டுக்கொட்டகையோடு சேர்த்தது என் கைதான். அவர் எப்போதும் எங்களைத் தேடி வந்தாரே தவிர, அவர் வீட்டுக்கு நான் ஒருமுறையும் போனதில்லை. அது எந்தக் கட்டம் என்றுகூட எனக்குத் தெரியாது.

ஆட்சேபம் சொல்ல இருபத்தொரு நாள். படம் ரேஷன் கடைச் சுவரில் தொங்கியது. ராசாத்தாளும் போய்ப் பார்த்திருக்கிறார். அவர் வீட்டுக் கட்டம் அச்சு அசலாக இருந்திருக்கிறது. உள்ளே எண் இல்லாததை, இடம் பத்தாமல் விட்டிருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

பள்ளிக்கூடத்தில் மனை கிடைத்தவர்களின் பட்டியலை வாசித்தார்கள். கடைசிப் பெயரும் முடிந்தது. பதினோரு பெண்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்கள். பதினோரு பேரும் கணவனை இழந்தவர்கள். அவர்களை ஒன்றாகப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது.

வாய்க்கால் வேலையைப் பார்த்த அரசுப் பொறியாளர் சீனிவாசலுவிடம் ஓடினேன். அவர் கெட்ட மனிதர் அல்ல. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"தப்பு நடந்திருக்குதுங்க மேடம். ஆனா தேதி முடிஞ்சுபோச்சு. இந்தப் பதினொன்ன நான் சேர்த்தா, நாளைக்குக் கட்சிக்காரன் அம்பது பேரோட வந்து நிப்பான். யாரும் கைவெக்க முடியாத மேப்புன்னு சொன்னது நீங்கதானுங்களே?"

ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு போட்டோம். மனு எங்கோ இருக்கும்போதே மண்வெட்டும் இயந்திரம் வந்துவிட்டது. எண் உள்ள வீடுகளுக்கு ஒரு வாரம் அவகாசம் உண்டு. கொட்டகைக்கு அவகாசம் கிடையாது. ராசாத்தாள் பாத்திரங்களையும் துணி மூட்டையையும் வெளியே எடுத்து வைத்தார். கதவைக் கழற்றிக்கொள்ள இயந்திரத்தோடு வந்தவர்கள் விடவில்லை.

பாவாத்தாள் அழுதார். "நானாச்சும் ஒட்டியிருக்கோணும், ராசாத்தி. கைல எடுத்துட்டேனே."

"ஒட்டியிருந்தா நானே உன்னய வைஞ்சிருப்பேன். போச்சாது போ, உட்டுத்தள்ளு."

என்னை அவர் ஒரு வார்த்தை வையவில்லை. வைதிருக்கலாம்.

இரண்டு மாதம் கழித்து, இரண்டாவது மனுவில் கைநாட்டு வாங்க அவரைத் தேடிப் போனேன். தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே சிமெண்ட் மூட்டை அடுக்கும் தகரக் கொட்டகையில் படுத்துக்கொண்டிருந்தார். பகலில் சித்தாள் வேலை, இரவில் காவல். நான் படித்துக் காட்டியதைக் கேட்டு, கட்டை விரலை நீட்டினார். பிறகு தாளின் மேல்மூலையைக் காட்டினார்.

"இங்க வெறும் எடமா இருக்குதே, என்னங்க எழுதோணும்?"

"உங்க விலாசம்."

கொட்டகையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "கட்டடம் தை மாசம் முடிஞ்சுரும். அதுக்குள்ள பதில் வருங்களா அம்மணி?"

வராது என்று எனக்குத் தெரியும். பாவாத்தாளின் புது மனை எண்ணை எழுதினேன்.