ரீவியிலை வந்த சி.ஐ.டி.

எண்பத்தைஞ்சு, எண்பத்தாறு காலம். கொழும்பிலை ஒரு கந்தோரிலை ரைப் அடிச்சுக்கொண்டிருந்த எனக்கு ரீவி நாடகத்திலை நடிக்கிற விசர் பிடிச்சுது. கிழமைக்கு ஒருக்காப் போற தமிழ்த் துப்பறியும் நாடகம். அதிலை வந்த கிழட்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சனம் அலுத்துப்போச்சுதெண்டு புதுசா ரண்டு இளம் சி.ஐ.டி.யளைச் சேர்த்தவை. ஒண்டு பதுளைப் பெடியன். மற்றது நான்.

எனக்கு நடிப்பு வராது, அதை இப்பவே சொல்லிப்போடுறன். கமராவைக் கண்டால் கை உதறும். வலது கையாலை இடது மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டுதான் வசனம் சொல்லுவன். கள்ளனைக் கண்டு சி.ஐ.டி. பயப்பிடுற நாடகம் உலகத்திலை இது ஒண்டுதான் எண்டு இயக்குநர் எல்லாருக்கும் முன்னாலை சொல்லுவார். வெக்கமாயும் இருக்கும், கோவமாயும் இருக்கும். எண்டாலும் நான் விடேல்லை.

கொழும்பிலை சி.ஐ.டி. எண்டால் பொலிஸ் உத்தியோகம். எங்கடை ஊரிலை அந்தச் சொல்லுக்கு வேறை கருத்து. ஆமிக்கு ஆளைக் காட்டிக் குடுக்கிறவன். ஒருதன்ரை பேரோடை அந்த மூண்டு எழுத்தும் ஒட்டிச்சுதெண்டால் அவன்ரை கதை முடிஞ்சுது, ஆமியோடை சண்டை பிடிக்கிற இயக்கம் விடாது. அது எனக்கும் தெரியும். ஆனால் நாடகத்தையும் இதையும் சேர்த்து ஒருநாளும் நினைச்சுப் பார்க்கேல்லை, மடைச்சி.

லீவுக்கு ஊருக்கு வெளிக்கிட்டன். ஆனையிறவிலை பஸ்ஸாலை எல்லாரையும் இறக்கி, வரிசையா விட்டு ஆமி சோதிச்சுது. என்ரை முறை வர ஒருதன் முகத்தை உத்துப் பார்த்தான். பிறகு பல்லெல்லாம் தெரியச் சிரிச்சு, "சி.ஐ.டி. மிஸ்" எண்டு சலூட் அடிச்சான். எங்கடை நாடகம் முடியத்தான் சிங்களச் செய்தி போறது. செய்திக்குக் காத்திருக்கேக்கை அவனும் பார்த்திருக்கிறான். பையைத் திறக்காமலே போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

திரும்ப பஸ்ஸுக்குள்ளை ஏறினால் எல்லாரும் என்னைத்தான் பார்த்தினம். வழி முழுக்கத் தோடம்பழம் உரிச்சுத் தந்துகொண்டு வந்த மனுசி எழும்பிப் பின்னாலை போட்டா. அது நாடகம் எண்டு கத்திச் சொல்லலாம் போலை இருந்தது. சொன்னால் இன்னும் சந்தேகப்படுவினம் எண்டு வாயை மூடிக்கொண்டு இருந்தன்.

எங்கடை ஊர் உடுப்பிட்டிக்கு வந்து அம்மாவுக்கும் இதைச் சொல்லேல்லை. ஒழுங்கையிலை சைக்கிள் மணி கேட்டாலே அறைக்குள்ளை போய்க் கதவைச் சாத்திப்போடுவன். ரண்டொரு நாளாலை, ஒரு மத்தியானம், படலையிலை ரண்டு பெடியள் வந்து நிண்டாங்கள். இயக்கப் பெடியள் எண்டு பார்த்தவுடனை விளங்கிச்சுது. மூத்தவனுக்கு இருபது இருக்கும், மற்றவன் அதிலும் சின்னன். விசாரிக்கிற வேலைக்குப் புதுசு போலை, ஒருதன்ரை முகத்தை ஒருதன் பார்த்துப் பார்த்துத்தான் கேட்டாங்கள். ஆமிக்காரன் ஏன் உங்களுக்குச் சலூட் அடிச்சவன் எண்டது கேள்வி. பஸ்ஸிலை வந்த ஆரோ போய்ச் சொல்லியிருக்கினம்.

நான் வாயைத் திறக்க முந்தி அம்மா குசினியாலை வந்தா.

"பிள்ளை சி.ஐ.டி.யெல்லோ," எண்டா, நல்ல பெருமையோடை.

ஐயோ, என்ரை அம்மா. ரீவியிலை எண்டு அவ சேர்த்துச் சொல்ல முந்தி மூத்தவன் என்னைச் சைக்கிளிலை ஏறச் சொல்லிப்போட்டான். ஏறினால் திரும்பி வரமாட்டன் எண்டு எனக்குத் தெரியும். நாடகம் தம்பி, நான் நடிக்கிறனான் எண்டு குளறினன். அவன் நாடகம் பார்க்கிறேல்லையாம். அப்ப நடிச்சுக் காட்டுங்கோ எண்டான்.

வீட்டு முத்தத்திலை போய் நிண்டன். எனக்கு ஞாபகம் வந்தது ஒரேயொரு வசனம். 'உண்மையைச் சொல்லு, எங்களுக்கு எல்லாம் தெரியும்.' அதைப்போய் இயக்கப் பெடியனுக்கு முன்னாலை எப்பிடிச் சொல்லுறது? கை உதறிச்சுது. மணிக்கட்டைப் பிடிச்சுக்கொண்டு சொன்னன். மூத்தவன் சரிவரேல்லை எண்டு தலையை ஆட்டினான். நான் அழத் தொடங்கிட்டன்.

சின்னவன் அவன்ரை தோளிலை கையை வைச்சான்.

"அண்ணை, உவதான். ரீவியிலையும் இப்பிடித்தான் கையைப் பிடிச்சுக்கொண்டு நடுங்கிறவ."

மூத்தவன் குனிஞ்சு என்ரை கையைப் பார்த்தான். பிறகு அம்மாவிட்டைத் தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு, இனிக் கொழும்புப் பக்கம் போகவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டுச் சைக்கிளை எடுத்தான். நான் போகேல்லை. கந்தோர் வேலையும் போச்சு, நாடகமும் போச்சு.

சில கிழமையாலை அம்மாவோடை தொண்டைமானாறு சந்நிதி கோயிலுக்குப் போகேக்கை ஒரு சந்தியிலை சனம் கூடி நிண்டுது. லைற் போஸ்ற்றிலை ஒரு மனுசன்ரை பிரேதம். கழுத்திலை ஒரு மட்டை, அதிலை அந்த மூண்டு எழுத்து. பாராதை, நட எண்டு அம்மா என்னை இழுத்தா. நான் பார்த்திட்டன். ரண்டு கையையும் பின்னாலை மணிக்கட்டோடை கட்டியிருந்தது. அந்த மனுசனும் நடுங்கித்தான் இருப்பார். ஆனால் அவர் நடுங்கிறதை முந்தி ரீவியிலை பார்த்த ஒருதன் அங்கை நிண்டிருக்க மாட்டான்.