மூன்றாம் அறைக் கோழிகள்

பஞ்சுக்கை அக்கா என்றுதான் ஆராய்ச்சிப் பண்ணையில் எல்லோரும் அவரைக் கூப்பிட்டோம். கோழியைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கமாட்டார். இரண்டு கையாலும் சிறகோடு சேர்த்து அள்ளி, விலாவில் அணைத்துக்கொள்வார். அது கழுத்தை நீட்டி ஒருமுறை பார்த்துவிட்டு அடங்கிவிடும். இருபத்தாறு வருடம் கொட்டகையில் அவர், மாடியில் ரத்தம் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் நான். மதியம் ஒரே மேசையில் சாப்பாடு. "கைய நல்லா கழுவிட்டுத்தான் வந்தேன், மூஞ்சிய சுளிக்காத" என்றபடி உட்காருவார். அந்தத் தீவன வாடைக்கு இப்போது மனசு ஏங்குகிறது.

கறிக்கோழிகளுக்குக் கொட்டகையில் மூன்று அறை. முதல் அறையில் வளர்ச்சி மருந்து கலந்த தீவனம். இரண்டாவதில், பயந்தால் உடம்பில் சுரக்கும் ஹார்மோனைக் கலந்த தீவனம். மூன்றாவதில் வெறும் தீவனம். முதல் அறைக் கோழிகள் ஐந்தாவது வாரத்திலேயே கனத்துப்போய், கால் தாங்காமல் உட்கார்ந்துவிடும். அக்காதான் ஒவ்வொன்றாகத் தூக்கித் தண்ணீர்ப் பக்கம் விடுவார். இரண்டாம் அறைக் கோழிகள் தின்றுகொண்டே இருக்கும். நெஞ்சில் மட்டும் சதை பிடிக்காது. அறுத்துப் பார்த்தால் வயிறு முழுக்கக் கொழுப்பு.

"என்னைய மாதிரியேதான். கவலைப்பட்டா எனக்கும் வயித்துலதான் போடுது" என்று சிரிப்பார். அவர் கணவர் வேலை போய் வீட்டில் இருந்த காலம் அது.

ஒருமுறை பரிசோதனை முடிவைப் பார்த்துத் திகைத்துப்போனேன். வெறும் தீவனம் தின்ற மூன்றாம் அறைக் கோழிகளின் ரத்தத்திலும் அந்த ஹார்மோன் எகிறியிருந்தது. ஆய்வை நடத்திய பேராசிரியர் அக்காவை மாடிக்குக் கூப்பிட்டார்.

"தீவன மூட்டைய மாத்திப் போட்டுட்டீங்களாம்மா?"

"இல்ல சார்."

"அப்ப தானா ஏறுமா?"

அக்கா படியிறங்கிப் போனார். அன்று சாப்பிடவும் வரவில்லை. தேடிப் போனபோது மூன்றாம் அறையில், மரத்தூள் மேல் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"இத்தனை வருஷத்துல யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லடி."

நான் பக்கத்தில் உட்காரப் போகையில், முதல் அறையில் எடை போடுவதற்காகக் கோழி பிடிக்கத் தொடங்கினார்கள். ஒரே கூச்சல், படபடப்பு. எங்கள் முன்னால் மேய்ந்த கோழிகள் தீனியை விட்டுவிட்டு ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொண்டன. அக்கா சட்டென்று எழுந்தார்.

"ரத்தம் எடுக்கிறப்ப எப்பவும் ஒண்ணுலேருந்துதானே ஆரம்பிக்கிறோம்? இதுங்க முறை வர ஒரு மணி நேரம் ஆகுது. அதுவரைக்கும் இந்தச் சத்தத்தைக் கேட்டா, தீவனத்துல எதையும் கலக்கவே வேணாமே!"

மறுவாரம் பேராசிரியர் பார்த்துக்கொண்டிருக்க, கதவை ஓசைப்படாமல் திறந்து முதலில் மூன்றாம் அறைக்குள் நுழைந்தார்கள். அக்காவும் இன்னும் மூன்று பேரும் எட்டுக் கோழிகளின் ரத்தத்தை மூன்று நிமிடத்துக்குள் எடுத்து முடித்தார்கள். முடிவு வந்ததும் தாளோடு படிக்கட்டில் ஓடினேன். ஹார்மோன் பாதிக்கும் கீழே!

பேராசிரியர் கொட்டகைக்கே இறங்கி வந்தார். எல்லோர் முன்னாலும், "தப்பு என்னோடது. உங்ககிட்ட கேட்ட விதமும் தப்பு" என்றார்.

"அது போகட்டும் சார். இதுவரைக்கும் எழுதினதையெல்லாம் என்ன பண்றது?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம், ஒரு நாளைக்கு ஓர் அறை என்று. இரண்டு வருடம் பிடித்தது. ரத்தம் எடுக்க நானும் கொட்டகைக்கு இறங்கி வந்தேன். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ஜாடையிலேயே பேசி, சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடிவந்து சிரித்த அந்தக் காலைகளைப் போல எனக்கு வேறு எதுவும் வாய்க்கவில்லை.

ஆய்வு புத்தகமாக வந்தபோது, நன்றி சொல்லும் பக்கத்தில் முதல் பெயர் அக்காவுடையது. அந்த ஒரு வரியை மூன்று தடவை படித்தார். "அவருகிட்ட காட்டிட்டுக் கொண்டாந்துடறேன்" என்று நூலகப் பிரதியை வீட்டுக்கு எடுத்துப் போனார். ஓய்வு பெற்றுப் போகும்வரை அது திரும்பி வரவில்லை. நூலகத்தில் கேட்டபோது, தொலைந்துவிட்டது என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன்.