ரங்கூனில் நடக்க, எண்ணூர் வரை ஓர் ஒத்திகை

இந்த வைகாசியில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நடந்தேன். எண்ணூரில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. ரங்கூனில் தெருத் தெருவாக நடக்க வேண்டும், அதற்குக் கால் தாங்குமா என்று பார்க்கத்தான் இந்த நடை. இரண்டாம் தடவை ரங்கூன் போக நினைக்கிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். எனக்குப் பயன்படவில்லை.

முதல் தடவை போனது போன வருஷம். என் அண்ணன் அங்கே அரிசி மில் வேலைக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. ஐந்து வருஷமாக ஒரு சேதியும் இல்லை. தேடிக் கூட்டி வருகிறேன் என்று வீராப்பாகக் கப்பல் ஏறினேன். இறங்கும்போதே ஏணியில் வழுக்கி வலது கணுக்கால் முறிந்தது. என் ராசி அப்படி. சத்திரத்தில் படுத்துக் கிடந்தது போக மிச்ச நாளில் லஞ்சாவில் சுற்றினேன். நம் ஊர் ரிக்‌ஷாவைத்தான் அங்கே லஞ்சா என்கிறார்கள். அது நல்ல ரோட்டில்தான் ஓடும். கூலிக்காரர்கள் குடியிருக்கும் சந்துகளை முனையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பினேன். அடுத்த தடவை நடந்தேதான் தேடுவது என்று அங்கேயே தீர்மானித்தாயிற்று.

கட்டுப் பிரித்ததும் பெரியப்பா வந்து உட்கார்ந்தார். எங்கள் குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"எண்ணூரு வரிக்கும் நடந்து காட்டு. கால் தாங்கிச்சின்னா அடுத்த கப்பல்ல போ. இந்தவாட்டியும் ஆள் இல்லேன்னு வந்தியானா, ஆடி அமாவாசைக்கு தர்ப்பையில உருவம் செஞ்சி காரியத்த முடிச்சிருவோம். எத்தினி வருசம்டா இப்டியே வுட்டு வைக்கிறது?"

காரியம் முடிந்தால் அண்ணியின் தாலியும் குங்குமமும் அன்றோடு போகும். அதை அவர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை.

விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டேன். அண்ணியும் கூட வந்தாள். காசிமேட்டில் மீன் வாங்கித் தெருத் தெருவாக விற்கிறவள், நடை அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. "கால் இசுத்துக்கிச்சின்னா புட்ச்சிக்க ஒரு ஆள் வாணாமா நைனா?" என்றாள். கடலோரமாகவே போனோம். தண்டையார்பேட்டை தாண்டும் வரை மண் இறுகலாக இருக்கிறது, செருப்பு தேவையில்லை. திருவொற்றியூருக்கு நாலரை மைல் இருக்கும். ஏழு மணிக்குச் சேர்ந்துவிட்டோம். கோயில் வாசலில் இட்லிக் கடை உண்டு. அரையணாவுக்கு வயிறு நிறையும்.

வடிவுடையம்மன் சந்நிதியில் அண்ணி வெகுநேரம் நின்றாள். குங்குமத்தை நெற்றியில் வைத்து, தாலியிலும் தொட்டு வைத்துக்கொண்டாள். "என் கால் நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிட்டியா அண்ணி?" என்று கேட்டேன். விறுவிறுவென்று முன்னால் நடந்தாள்.

எர்ணாவூருக்கு அப்பால் நிழலே கிடையாது. குடை எடுத்துப் போங்கள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் பொட்டல். அங்கே காலி உப்பு வண்டி ஒன்று பின்னால் வந்தது.

"இன்னா சாரே, இந்த வெயில்ல பேஜாரு? குந்திக்கினு வா. ஓரணா குட்தா போதும்," என்றார் வண்டிக்காரர்.

"ஏறிக்க நைனா," என்றாள் அண்ணி. நான் மாட்டேன் என்றேன். மறுபடியும் சொன்னாள். மூன்றாம் தடவை என் சட்டையைப் பிடித்தே இழுத்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "என்னை நொண்டின்னே முடிவு பண்ணிட்டியா?" என்று கத்திவிட்டேன். வண்டிக்காரர் சிரித்துக்கொண்டே மாட்டைத் தட்டினார்.

பத்தரை மணிக்கு எண்ணூர் முகத்துவாரம். ஒன்பது மைலுக்குக் குறையாது. கணுக்காலை அமுக்கிப் பார்த்தேன். வீக்கமில்லை, வலியில்லை. அந்த மணலிலேயே சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு குதி குதித்துக் காட்டினேன். அண்ணி அப்படியே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"கோயில்ல இன்னா வேண்டிக்கினேன் தெர்மா? உன் கால் வீங்கணும்னு வேண்டிக்கினேன்."

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நீ போவாத வரிக்கும் அவுரு அங்க எங்கியோ கீறாரு நைனா. நீ சந்து சந்தா நடந்து பாத்துட்டு இல்லேன்னு வந்து நின்னா, அப்பால நான் எங்கன்னு போயி தேடுவேன்?"

அவன் இல்லை என்றுதான் என் மனசுக்குப் படுகிறது. வெகுநாளாகவே படுகிறது. அவளுக்கும் தெரியும் என்பது அப்போதுதான் புரிந்தது. எழுந்து, அவளையும் கைகொடுத்துத் தூக்கிவிட்டேன்.

திரும்புவதற்கு ரயில்தான் நல்லது. ராயபுரத்துக்கு ஆளுக்கு இரண்டணா. வண்டி நின்றபோது பெரியப்பா பிளாட்பாரத்திலேயே நின்றிருந்தார். இறங்கியதும் காலை இழுத்து இழுத்து நடந்தேன். அண்ணி முழங்கையில் நறுக்கென்று கிள்ளினாள். "சோத்தாங்கை காலு நைனா, சோத்தாங்கை காலு!" பதற்றத்தில் நல்ல காலை இழுத்திருக்கிறேன். நல்லவேளை, பெரியப்பாவுக்குப் பார்வை மங்கல்.

"அப்ப ஆடிக்கு ஆவாது. தை அமாவாசைக்கு பாத்துக்கலாம்," என்றார். அண்ணி தலை குனிந்துகொண்டாள். தைக்கு முன்னால் இன்னொரு தடவை நடந்து காட்டச் சொல்வார். அதற்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவருக்குப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கப்பலில் டெக்கில், அதாவது திறந்த மேல்தட்டில் போனால் பாயும் கட்டுச்சோறும் கொண்டுபோங்கள். அம்மை குத்திக்கொண்டு போங்கள். ஏணியில் பார்த்து இறங்குங்கள். லஞ்சாவில் ஏறாதீர்கள், மில் ஆட்கள் இருக்கிற இடத்துக்கு அது வராது. உள்ளே நடந்து போய், ராயபுரத்து ஆள், இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். இருக்கிறான் என்றால் ஓடி வந்து சொல்லுங்கள். இல்லை என்றால், உங்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும், எங்கள் தெருப் பக்கமே வராதீர்கள்.