சித்தேரி மலையும் ஒரு கடைவாய்ப் பல்லும்

சென்னப்பன் சித்தேரி மலையை இருபத்திரண்டு வருடம் ஏறியிருக்கிறார். ஒருநாள்கூட அதைப் பார்த்ததில்லை. மலை பஸ்ஸில் அவர் கண்டக்டர். சாலை டிரைவருடையது, கண்டக்டருக்கு வாய்ப்பதெல்லாம் ஜனங்களின் முகமும், பின் கண்ணாடியில் விலகிப் போகும் மரங்களும்தான். ஆனாலும் ஒவ்வொரு வளைவும் அவர் இடுப்புக்கு அத்துப்படி. எந்த வளைவில் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று யாரும் அதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஓய்வு பெற்ற மறுமாதம் பாப்பிரெட்டிப்பட்டி டீக்கடையில் இந்தப் பெருமையை அவர் அளந்துகொண்டிருந்தபோது, அதே வண்டியை ஓட்டிய ராஜாமணி வாயிலிருந்து டம்ளரை எடுத்தார்.

"யோவ், நீ எங்கய்யா மலை ஏறுன? வண்டி ஏறுச்சு. நீ உள்ள நின்ன."

கடையே சிரித்தது. சென்னப்பனும் சிரித்தார். ஒரு ஆளைச் சாகடிக்கக்கூடிய பேச்சு பெரும்பாலும் சிரிப்போடுதான் வருகிறது.

அந்த வாரமே அவர் ஒரு சைக்கிள் பயணத்துக்குப் பெயர் கொடுத்தார். தருமபுரியில் கிளம்பி, மொரப்பூர், அரூர் தாண்டி, சித்தேரி உச்சியைத் தொட்டுத் திரும்ப வேண்டும். கிட்டத்தட்ட நூற்றைம்பது கிலோமீட்டர், அறுநூறு பேர். முதல் பரிசு, கடைசிப் பரிசு என்று எதுவும் கிடையாது. முடித்தவருக்கெல்லாம் ஒரு மெடல். அறுபத்தொரு வயதில் கியர் சைக்கிளும் தொடையை இறுக்கும் கால்சட்டையும் வந்து சேர்ந்தன.

"தெருவுல பொம்பளைங்க தண்ணி புடிக்கற நேரத்துல இதப் போட்டுக்கிட்டு வெளிய போவாதீங்க" என்றாள் மனைவி தீர்த்தம்மாள். "பாத்ததுங்க கொடத்தப் போட்டுட்டு ஓடியாந்துரும்."

சமதரைக்கு அவர் பயப்படவில்லை. பயிற்சியெல்லாம் மலைக்குத்தான். சைக்கிளை அடிவாரம் வரை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போய், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வளைவு கூடுதலாக ஏறித் திரும்புவது என்று வகுத்துக்கொண்டார். முதல் ஞாயிறு ஆறு வளைவு. நான்காம் ஞாயிறு ஒன்பதாவது வளைவில், இடது கீழ்த்தாடையில் சுருக்கென்று ஒரு வலி. இறங்கிக் கட்டைச் சுவரில் உட்கார்ந்தார். இரண்டு நிமிடத்தில் போய்விட்டது. இடது கடைவாய்ப் பல்லில் ஒரு கறுப்புக் குழி இருப்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும். எனவே பல்.

தீர்த்தம்மாள்தான் பல் டாக்டர் கலைமதியிடம் கூட்டிப் போனாள்.

"மெல்லும்போது வலிக்குதுங்களா?"

"இல்லீங்க."

"பச்சத் தண்ணி குடிச்சா?"

"இல்லீங்க."

"அப்புறம் எப்பதாங்க வலிக்குது?"

"ஒம்பதாவது வளைவுலங்க."

டாக்டர் சிரித்துவிட்டாள். ஆனால் பல் நிஜமாகவே சொத்தைதான். பிடுங்கினாள். பஞ்சைக் கடித்துக்கொண்டே சென்னப்பன் சைக்கிள் பயணத்துக்கான ஒரு பாரத்தை நீட்டினார். மலை ஏறத் தகுந்த உடம்பு என்று ஒரு டாக்டர் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"நான் பல் டாக்டருங்க."

"டாக்டர்னுதானுங்க கேட்டிருக்குது. எந்த டாக்டர்னு கேக்கலியே."

வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள். கையெழுத்து விழுந்தது.

அடுத்த ஞாயிறு எட்டாவது வளைவில் வலித்தது. பல் இருந்த இடத்தில், பல் இல்லாமல். பக்கத்துப் பல்லுக்கும் தொற்றிவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டு, சற்று உட்கார்ந்து, பத்தாவது வரை ஏறினார். அதன்பின் கால்கள் வாரம் ஒரு வளைவு மேலே போயின. வலி வாரம் ஒரு வளைவு கீழே இறங்கி வந்தது. மேலே போனதை அவர் எல்லோரிடமும் சொன்னார். கீழே வந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

"என்னய்யா இப்பிடி வெளுத்துக் கெடக்கற?" என்று ராஜாமணி கேட்டார்.

"வெயில்ல மலை ஏறிப் பாரு, தெரியும்."

"வெயில்ல போனா கறுக்கத்தானய்யா செய்யும்?"

இந்தத் தடவை கடையில் யாரும் சிரிக்கவில்லை.

பயணத்துக்கு இரண்டு நாள் முந்தைய வெள்ளிக்கிழமை சாயங்காலம், அடுத்த பல்லையும் பிடுங்கிவிடலாம் என்று தனியாகக் கலைமதியிடம் போனார். அவள் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தாள்.

"உக்காந்தா போயிருதுங்களா?"

"ரெண்டே நிமிசத்துலங்க."

"இடது கை எப்பிடி இருக்குது?"

"ஹேண்டில் புடிச்சு மரத்துப்போவுதுங்க. வலது கையிலயும்தான் புடிக்கறேன், அது ஒண்ணும் ஆவறதில்ல."

டாக்டர் கையிலிருந்த சிறு கண்ணாடியைத் தட்டில் வைத்தாள். இரண்டாவது தடவை அவள் சிரிக்கவில்லை.

"இது பல்லு இல்லீங்க, நெஞ்சு. இப்பவே ஜி.எச்.சுக்குப் போயி ஈ.சி.ஜி. எடுங்க. அந்தப் பாரத்தக் குடுங்க. நான் போட்டிருக்கவே கூடாது."

"அத அப்பவே அனுப்பிட்டனுங்க. ஞாயித்துக்கெழம ஒரு நாளு. திங்கக்கெழம மொத ஆளா ஜி.எச்.சுல நிக்கறேன்."

"ஞாயித்துக்கெழமைக்கு அப்புறம் திங்கக்கெழம வரணுமில்லீங்க?"

அவள் எழுதிக் கொடுத்த சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார்.

"பல்லு என்னாச்சுங்க?"

"பல்லெல்லாம் நல்லாருக்குதாம்."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இத்தனை நாள் முனகிக்கொண்டிருந்த தீர்த்தம்மாளுக்கு அன்றைக்குத்தான் மனசு இறங்கியது. சைக்கிள் சட்டையை மடியில் விரித்து, 417 என்ற எண் அட்டையை முதுகுப் பக்கம் வைத்து ஊக்குக் குத்தினாள். மூன்றாவது ஊக்கு குத்தும்போது அவள் போன் அடித்தது. சென்னப்பன் எட்டிப் பார்த்தார். எண்ணைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது. முதல் தடவை டாக்டரிடம் பதிந்தது அவள் எண்தானே.

"எடுக்காத. எவனாச்சும் கம்பெனிக்காரனா இருப்பான்."

நின்றது. மறுபடி அடித்தது. மூன்றாம் தடவை, பல்லிடுக்கில் ஊக்கோடு அவள் எடுத்துவிட்டாள். "அலோ" என்பதற்குப் பிறகு அவள் சொன்னதெல்லாம் "ம்", "ம்", "ம்". போனை வைத்தாள். குத்திய ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"ஏங்க, இப்ப வலிக்குதுங்களா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். பிளாஸ்டிக் நாற்காலி, தலைக்கு மேல் மின்விசிறி, கண்ணுக்கெட்டிய வரை ஏறுவதற்கு எதுவுமில்லை. ஆனால் அவர் வலது கை தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தது. எப்போதிலிருந்து என்று அவருக்கே தெரியவில்லை.

"குரு! டேய் குரு! ஆட்டோவ எடுறா!" என்று தீர்த்தம்மாள் எதிர்வீட்டைப் பார்த்துக் கத்தினாள்.

சென்னப்பன் எழப் பார்த்தார். ஓடி வந்து தோளைப் பிடித்து அமுக்கினாள்.

"காலக் கீழ வெக்காதீங்க. நாற்காலியோட தூக்கிக்கறோம்."

"வாசப்படி மூணுதானே. அதும் எறங்கறதுதானே" என்றார். நெற்றி முழுக்க வேர்த்திருந்தது.

அவள் நாற்காலியின் இரண்டு கால்களை இறுகப் பிடித்துக்கொண்டு, ஆட்டோவின் சத்தம் வருகிறதா என்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.