டெக்குக்கு வைத்த சந்தனம்

எண்பதுகளின் நடுவில் நடந்தது. திருத்தணியில் அப்போது டிவி வைத்திருந்த வீடுகளே குறைவு. என் வீட்டுக்காரர் விசைத்தறி வேலையை விட்டுவிட்டு ஒரு தொழில் ஆரம்பித்தார். சொல்லியனுப்பினால் போதும், கலர் டிவி, கேசட் ஓட்டுகிற டெக், சினிமா கேசட் எல்லாவற்றையும் ரிக்‌ஷாவில் ஏற்றிப்போய் அவரவர் வீட்டிலேயே படம் போட்டுக் காட்டுவார்.

முதல் மாதம் நிறையப் பேர் கூப்பிட்டார்கள். ஆனால் ஒரு தடவை கூப்பிட்ட வீட்டிலிருந்து மறுபடி ஆள் வரவே இல்லை. ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அன்றைக்கு அவருக்கு மஞ்சள் காமாலை, எழுந்திருக்க முடியவில்லை. நெசவாளர் தெருவில் ஒரு வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். நாலு பேர் நடுவில் வாய் திறக்க மாட்டேன். ஆனால் ஒயர் மாட்டத் தெரியும். "கேசட்ல மட்டும் யாரையும் கை வைக்க வுடாதே" என்று சொல்லி அனுப்பினார்.

அந்த வீட்டுப் பெரியவருக்கு, மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு பக்கவாதம் வந்துவிட்டதாம். அவர் சென்னை ஆஸ்பத்திரியில் கிடக்க, இங்கே மலைமேல் கோயிலில் தாலி கட்டியாகிவிட்டது. அந்தக் கல்யாணத்தை எடுத்த கேசட் ஒன்றே ஒன்றுதான். இப்போது வீடு திரும்பிவிட்ட அப்பாவுக்குக் காட்ட மகள் அதை அரக்கோணத்து மாமியார் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தாள். சாயங்கால ரயிலில் திரும்ப வேண்டும். மறுநாள் புருஷனோடு வடக்கே போகிறாள்.

நான் ஒயர் மாட்டும்போதே தெரு மொத்தமும் உள்ளே வந்துவிட்டது.

"என்னா படம்? சண்டை கீதா அதுல?"

"கல்யாணப் படம். சம்பந்தி சண்டை இருக்கும், குந்து."

பெரியவரின் கட்டிலைச் சுற்றிக்கூட இடமில்லை. தறிமேல் ஏறின பிள்ளைகளிடம், பாவு நூல் அறுந்துவிடும் என்று பெரியவரின் சம்சாரம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அதற்கிடையிலும், நல்ல காரியமாயிற்றே என்று, ஆயுத பூசைக்குத் தறிக்கு வைப்பதுபோல் அந்தம்மா டெக்குக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். கேசட்டையும் எடுத்து, நாடா இருக்கிற மூடிப் பக்கமாகவே குழைத்த சந்தனத்தை அப்பினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். மங்கலத்தைத் தடுத்தவள் என்று நினைப்பார்களோ என்ற பயத்தில் வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. முந்தானையால் லேசாகத் துடைத்து உள்ளே தள்ளினேன்.

மாப்பிள்ளை அழைப்பு ஓடியது. பெரியவர் ஒரு பக்க வாயால் சிரித்தார். தாலி எடுக்கும் நேரம் கரகரவென்று சத்தம். திரையெல்லாம் கோடு. நின்றேவிட்டது. பட்டனை அமுக்கினாலும் கேசட் வெளியே வரவில்லை.

"அக்கா, அது ஒண்ணுதான்க்கா இருக்குது" என்றாள் மகள்.

பிளக்கைப் பிடுங்கினேன். "எல்லாரும் வெளிய போங்க!" என்று கத்தினேன். என் வாயிலிருந்தா அந்தச் சத்தம் வந்தது என்று எனக்கே திக்கென்றது. தெருக்காரர்கள் போய்விட்டார்கள்.

திருப்புளியால் மேல்மூடியைக் கழற்றினால், நாடா உருளையில் சுற்றிக்கொண்டு சிக்கிக் கிடந்தது. இழுத்தால் அறும். ரயிலுக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. அந்தம்மா எதிரே வந்து குந்தினார். இரண்டு பேருமே நூலில் வளர்ந்தவர்கள். நகம் படாமல் சிக்கெடுத்து, சந்தனம் ஒட்டின இடத்தைத் துணியால் ஒற்றினோம். தார்க்குச்சியில் நூல் சுற்றுவதுபோல் விரலாலேயே நாடாவை உள்ளே சுற்றினேன்.

"மெல்ல சுத்தும்மா. நாந்தான் கெடுத்துட்டேன்" என்றார்.

"இல்லக்கா. நான் பாத்துகினேதான் இருந்தேன். சொல்லல."

மறுபடி போட்டோம். ஓடியது. தாலி கட்டுகிற இடம் மட்டும் கசங்கி, வெள்ளைக் கோடுகளாக ஆடியது. யார் முகமும் தெரியவில்லை. மகள் அழுதுகொண்டே, "தெரியுதா நைனா?" என்றாள்.

"ஆங்... தெரியுது, தெரியுது" என்று குழறினார் பெரியவர். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

கிளம்பும்போது அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கோச்சுக்காதம்மா, இனிமே கூப்ட மாட்டோம். படம் மட்டும் வூட்டுக்கு வந்தா சந்தோஷந்தான். தெருவே இல்ல கூட வருது?"

வீட்டுக்கு வந்து அதை அவரிடம் அப்படியே சொன்னேன். வருஷம் முடிவதற்குள் அவர் மறுபடி விசைத்தறிக்கே போய்விட்டார்.

அந்தப் பெரியவர் நிஜமாகவே பார்த்தாரா, எனக்காகச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் கூச்சப்பட்டு நிற்கும்போதெல்லாம் அந்த வெள்ளைக் கோடுகள் கண்முன் ஆடும், வாயைத் திறந்துவிடுவேன்.